சாம்பல் அல்லாத சாம்பல்

2010ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாட் காலை, வெள்ளவத்தையில் என் பெரியம்மா காலமானார். எண்பது வயதைத் தாண்டியவர். ஆயினும் நோயாளியாகக் கிடந்தவரல்லர். முதல் நாள் தம் கையாற் பிள்ளைகளுக்குக் கைவிசேடம் கொடுத்தவர், மறுநாள் விடிந்தபோது இல்லை. அவருக்கு ஒரே மகன். முப்பது ஆண்டுகளாக இலண்டனில் வசிப்பவர், எனக்கு அண்ணா. செய்தியைக் கேட்டவுடன் அன்றிரவே புறப்படும் விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டதாகத் தொலைபேசியிற் சொன்னார். உடலை மலர்ச்சாலையில் ஒப்படைத்துவிட்டு, அவர் வந்து முகம் பார்க்கும்வரை காத்திருப்பதென்று முடிவு செய்தோம்.

அவர் வரவில்லை. அன்று, ஏப்ரல் 15ஆம் திகதி, நண்பகல் முதல் பிரித்தானியாவின் வானம் மூடப்பட்டது. முந்திய நாள், அதாவது நாம் இங்கே பொங்கிப் படைத்துப் புத்தாண்டு கொண்டாடிய அதே தினத்தில், ஐஸ்லாந்து நாட்டிற் பனிப்பாளம் ஒன்றின் அடியிலிருந்த எரிமலை பெரிதாக வெடித்திருந்தது. அதன் பெயரை உச்சரிக்க முயன்று வானொலி அறிவிப்பாளர்கள் பட்ட பாட்டை அன்று கேட்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஏயாஃப்யாத்லாயோகுத்ல் என்பது அதற்கு ஏறத்தாழ நெருங்கிய ஒலி. தீவு, மலை, பனிப்பாளம் என்னும் மூன்று சொற்கள் புணர்ந்து ஒரு பெயராகி நிற்பது அது. தொகைச் சொற்களுக்குப் பழகிய தமிழ் மாணவர்கள் அஞ்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் அண்ணா மீண்டும் பேசினார். அழுகையும் சினமும் கலந்த குரல். "தம்பி, இங்கை வானம் கண்ணாடி மாதிரிக் கிடக்குது. ஒரு முகில் இல்லை, புகை இல்லை, மூக்குக்கு ஒரு மணம்கூட இல்லை. எங்கையோ ஆயிரம் மைலுக்கு அங்காலை சாம்பல் பறக்குதெண்டு என்னை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். பெத்த தாய்க்குக் கொள்ளி வைக்க விடாத சாம்பல் என்ன சாம்பலடா அது?"

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. மூன்று நாள் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கூடிப் பேசி, இனியும் தாமதிப்பது முறையன்று என்றார்கள். பெறாமகனாகிய நான் பொரளைக் கனத்தையிற் கொள்ளி வைத்தேன். மறுநாட் காலை சாம்பலை அள்ளிக்கொண்டு, களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குச் சென்று கரைத்தோம். ஒரு கணத்தில் அது நீரோடு நீராகிப் போயிற்று. என் கையிலிருந்த அந்தச் சாம்பலும், அண்ணாவை மறித்த சாம்பலும் ஒரே பெயரால் வழங்கப்படுவது எத்துணைப் பிழை என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அண்ணாவின் கேள்விக்கு விடை தேடியபோது கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

சாம்பல் என்றால் நமக்கு ஒரு பொருள் உண்டு: எரிந்தபின் எஞ்சியது. விறகு எரிந்தால் வருவது, சாணம் எரிந்தால் வருவது, உடல் எரிந்தால் வருவது. மென்மையானது, ஊதினாற் பறப்பது, நெற்றியிற் பூசினால் ஒட்டுவது. எரிமலைச் சாம்பலோ எதுவும் எரிந்ததனால் உண்டாவதன்று. பூமியின் உள்ளே பாறைக்குழம்பில் நீராவி முதலிய வாயுக்கள் பெரும் அமுக்கத்திற் கரைந்து கிடக்கின்றன. குழம்பு மேலே ஏறும்போது அமுக்கம் தணிகிறது. குலுக்கிய சோடாப் போத்தலைத் திறந்தாற்போல வாயு குமிழி குமிழியாகப் பொங்குகிறது. குமிழிகளின் சுவர்கள் சிதறிக் காற்றிற் குளிர்ந்து உறைகின்றன. விரைந்து உறைந்த பாறைக்குழம்புக்குப் பளிங்குருவாகத் திரள்வதற்கு நேரமில்லை, அது கண்ணாடியாகிறது. ஆகவே எரிமலைச் சாம்பல் என்பது கற்பொடியும் கண்ணாடிச் சிதறலும் கலந்த ஒரு புழுதி. இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த எல்லாவற்றையும் அப்பெயரால் அழைக்கிறார்கள். நெடுந்தூரம் காற்றிற் செல்பவை அதனினும் பன்மடங்கு நுண்ணியவை. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், உடைந்த போத்தலின் துண்டுகளைப் போன்று விளிம்பெல்லாம் கூர். முகத்துவாரத்திற் கரைத்தாற் கரையாது.

ஐஸ்லாந்தில் நடந்தது இன்னும் கொடிது. அங்கே குழம்பின்மீது பனிப்பாளம் இருந்தது. கொதிக்கும் பாறை உருகிய பனிநீரைத் தொட்டவுடன், சூடேறிய கண்ணாடிப் புகைபோக்கியில் நீர் தெளித்தாற்போல நொறுங்கிப் போயிற்று. அதனாலேயே அந்தப் புழுதி அவ்வளவு நுண்ணியதாய் அமைந்து, அவ்வளவு தூரம் மிதந்தது.

இத்தகைய கற்பொடி நம் அயலிலும் புதைந்து கிடக்கின்றது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்னர் சுமாத்திராவின் தோபா எரிமலை வெடித்தபோது எழுந்த புழுதி இந்தியா முழுவதும் படிந்தது. ஆந்திரத்தில் ஜுவாலாபுரம் என்ற ஊரில் அப்படிவு இன்றும் தடித்த வெண்படையாகக் காணப்படுகிறது. அதைத் தோண்டியெடுத்துப் பாத்திரம் துலக்கும் பொடிக்கு விற்றிருக்கிறார்கள். நம் பாட்டிமார் பித்தளைக் குடத்தை அடுப்புச் சாம்பலால் துலக்கினார்கள். ஜுவாலாபுரத்துப் பொடியும் சட்டிப் பானையையே துலக்கிற்று. ஆனால் ஒன்று துடைக்கிறது, மற்றது அராவுகிறது.

இனி, இப்புழுதிக்கும் ஆகாய விமானத்துக்கும் உள்ள பகையைச் சொல்லவேண்டும். அதை உலகுக்கு முதன்முதல் முழுமையாக உணர்த்திய சம்பவம் நமது இந்து சமுத்திரக் கரையிலேயே நிகழ்ந்தது.

1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி இரவு. பிரித்தானிய விமானச் சேவையின் ஜம்போ விமானம் ஒன்று, 'எடின்பரோ நகரம்' என்னும் பெயர் தாங்கியது, கோலாலம்பூரிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. 263 பேர் அதில் இருந்தனர். யாவாத் தீவுக்குத் தெற்கே, 37,000 அடி உயரத்தில், நிலவில்லாத தெளிந்த இரவு. தலைமை ஓட்டி எரிக் மூடி என்பவர். திடீரென்று முன்கண்ணாடியின்மீது வெண்ணிற ஒளிப்பொறிகள் நடனமாடத் தொடங்கின. மாலுமிகள் பாய்மரத்தின் உச்சியிற் கண்டு, புனித எல்மோவின் நெருப்பு என்று பெயரிட்ட மின்னொளி அது. இடிமுகிலுக்குள் அது தோன்றுவதுண்டு. ஆனால் ராடாரில் முகிலே இல்லை. பயணிகள் இருந்த பகுதியிற் கந்தக நெடியோடு மெல்லிய புகை பரவிற்று. சன்னலோரம் இருந்தவர்கள், இயந்திரங்களின் உள்ளிருந்து யாரோ விளக்குக் காட்டுவதைப் போன்ற ஒளியைக் கண்டார்கள்.

முதலில் நான்காவது இயந்திரம் நின்றது. அடுத்து இரண்டாவது. பிறகு, மூச்சு விடுமுன் மற்றை இரண்டும் நின்றுபோயின. நான்கு இயந்திரங்கள் கொண்ட விமானம் நான்கையும் இழப்பது நடக்காத காரியம் என்றே அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். யாக்கர்த்தாவிலிருந்த கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் அந்த நம்பிக்கை இருந்தது போலும். 'நான்கு இயந்திரங்களும் போய்விட்டன' என்று வானொலியிற் சொன்னதை, 'நான்காம் இலக்க இயந்திரம் போய்விட்டது' என்றே அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். அருகிற் பறந்துகொண்டிருந்த ஓர் இந்தோனேசிய விமானம் இடையிற் புகுந்து, உண்மை இதுவென்று எடுத்துச் சொல்லவேண்டியதாயிற்று. கணிதம் படிப்பிக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். எண்ணுப் பெயருக்கும் வரிசைப் பெயருக்கும் உள்ள வேறுபாடு இலக்கண வகுப்பிற்கு மட்டும் உரியதன்று.

இயந்திரமில்லாத ஜம்போ கல்லைப் போல விழுந்துவிடுவதில்லை. ஒரு கிலோமீற்றர் இறங்குவதற்குள் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர் முன்னே சறுக்கும். யாக்கர்த்தாவுக்குத் திரும்ப வேண்டுமானால் யாவாவின் மலைகளைக் கடக்கவேண்டும். அவற்றைக் கடக்க உயரம் போதாவிட்டால் இருட்டிற் கடலில் இறங்குவதொன்றே வழி. இந்த நிலையில் தலைமை ஓட்டி பயணிகளுக்கு விடுத்த அறிவிப்பு விமான உலகிற் பெயர்பெற்றது. சிறிய சிக்கல் ஒன்று நேர்ந்திருக்கிறது, நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டன, அவற்றை இயக்க எம்மாலியன்ற அனைத்தும் செய்கிறோம், நீங்கள் பெரிதும் கலவரப்படவில்லை என்று நம்புகிறேன் என்ற கருத்தில் அமைந்தது அது. சிலர் அன்புக்குரியவர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள்.

13,500 அடிக்கு வந்தபோது நான்காம் இயந்திரம் உயிர்பெற்றது. சற்று நேரத்தில் மற்றவையும் ஒவ்வொன்றாக இயங்கின. மகிழ்ந்து மேலே ஏறியவுடன் பழைய ஒளி மீண்டும் கண்ணாடியில் ஆடிற்று; ஓர் இயந்திரம் மறுபடியும் குமுறத் தொடங்கவே அதை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார்கள். ஓடுதளத்தை நெருங்கியபோது விளக்குகள் தெரியவில்லை. மூடுபனி என்று முதலில் நினைத்தார்கள். முன்கண்ணாடி முழுவதும் அரத்தால் தேய்த்தாற்போல மங்கிப்போயிருந்தது. ஓரத்தில் எஞ்சியிருந்த ஒரு கீற்றுத் தெளிவின் வழியே பார்த்து, மூன்று இயந்திரங்களோடு விமானத்தை இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. மேற்கு யாவாவின் கலுங்குங் எரிமலை அந்த ஏப்ரல் முதல் வெடித்துக்கொண்டிருந்தது. அன்றிரவு அது எறிந்த புழுதிக்குள் விமானம் புகுந்துவிட்டதென்பது பின்னர்தான் தெரிந்தது. மூன்று வாரம் கழியுமுன்னர் சிங்கப்பூர் விமானம் ஒன்றும் அதே வானிற் சிக்கி, இயந்திரங்களை இழந்து யாக்கர்த்தாவில் இறங்கிற்று.

நின்ற இயந்திரம் எப்படி மீண்டும் இயங்கிற்று என்பதிலேயே முழு இரகசியமும் அடங்கியிருக்கிறது. எரிமலைக் கண்ணாடி ஏறத்தாழ 1,100 பாகை செல்சியசில் உருகும். ஜெட் இயந்திரத்தின் தகன அறையிலோ வெப்பநிலை 1,400 பாகையைத் தாண்டும். உள்ளே இழுபட்ட துணிக்கைகள் அங்கே உருகிப் பாகாகி, அடுத்துள்ள சுழலியின் அலகுகளில் ஒட்டிச் சற்றே குளிர்ந்து இறுகுகின்றன. மட்பாண்டத்தின்மீது மெருகு பூசுவதைப் போல. அலகுகளைக் குளிர்விப்பதற்கென்று இடப்பட்டிருக்கும் நுண்துளைகள் அடைபடுகின்றன, வளி செல்லும் வழி குறுகுகிறது, வளி பின்னோக்கி உதைக்கிறது, நெருப்பு அணைகிறது. இயந்திரம் அணைந்தவுடன் அதுவே குளிர்கிறது. குளிர்ந்த கண்ணாடி நொறுங்கும் இயல்புடையது. அலகுகளிலிருந்து அது உதிர்ந்துபோகவே வழி திறக்கிறது. தூய வளிக்குள் வந்ததும் நெருப்பு மூள்கிறது. கலுங்குங் விமானத்தைக் காப்பாற்றியது அதன் இயந்திரங்கள் இறந்துபோனமையே என்று சொன்னால் அது மிகையாகாது.

இதிலிருந்து ஒரு விசித்திரமான விதி பிறக்கிறது. ஆபத்து வந்தால் வேகத்தைக் கூட்டி மேலே பாய்ந்து தப்பிப்பதே ஓட்டியின் இயல்பு. சாம்பலுக்குள் அவ்வாறு செய்தால் வெப்பம் கூடும், உருகுதல் மிகும், முடிவு விரையும். 1989 டிசம்பர் 15ஆம் திகதி, அலாஸ்காவின் ரிடவுட் எரிமலைப் புழுதியிற் சிக்கிய டச்சு ஜம்போவுக்கு நேர்ந்தது அதுவே. வாங்கி ஆறு மாதம் நிறையாத விமானம், 245 பேர். முழுவலுவோடு மேலே ஏற முயன்றபோது நான்கு இயந்திரங்களும் நின்றன. பதினாலாயிரம் அடிக்குமேல் விழுந்தபின்னரே அவை இயங்கின. எல்லோரும் பிழைத்தார்கள். பழுது பார்க்கச் சென்ற செலவு எட்டுக் கோடி டொலர். வலுவைக் குறை, வந்த வழியே திரும்பு என்பதே இன்று ஓட்டிகளுக்குக் கற்பிக்கப்படும் பாடம்.

ஆனால், திரும்புவதற்கு முன் சாம்பலுக்குள் இருக்கிறோம் என்பது தெரியவேண்டுமே! விமானத்திலுள்ள ராடார் மழைத்துளியைக் காணும். உலர்ந்த நுண்துணிக்கையைக் காணாது. இரவிற் கண்ணும் காணாது. பகலிலும் புழுதி ஐதாகப் பரந்துவிட்டால் வானம் நீலமாகவே தோன்றும். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் நாசா ஆராய்ச்சி விமானம் ஒன்று, ஹெக்லா எரிமலையின் புழுதிக்குள் ஏழு நிமிடம் பறந்து வெளியேறிற்று. ஓட்டிகள் ஒன்றையும் காணவில்லை. இயந்திரங்கள் வழமைபோல் இயங்கின. விமானத்திலிருந்த ஆய்வுக் கருவிகள் மட்டும் அதனைப் பதிவு செய்தன. பின்னர் இயந்திரங்களைத் திறந்து பார்த்தபோது உட்புறம் பழுதுபட்டிருந்தது. சீர்செய்யச் சென்ற தொகை முப்பத்திரண்டு இலட்சம் டொலர்.

இதைப் படித்தபோதுதான் அண்ணாவின் வாக்கியம் என் நினைவுக்கு வந்தது. வானம் கண்ணாடி மாதிரிக் கிடக்குது என்றார். அவர் உவமையாகச் சொன்னார்.

நம்முடைய மேடைகளில் எரிமலைக்குப் பஞ்சமில்லை. சொற்பொழிவாளர் ஒவ்வொருவரும் எரிமலையாகவே வெடிக்கிறார். மக்கள் உள்ளம் எரிமலையாகவே குமுறுகிறது. நெருப்பையும் ஓசையையும் பற்றி நமது உரைநடை எவ்வளவோ பேசியாயிற்று. ஓசையும் நெருப்பும் அடங்கி இரண்டு நாள் சென்றபின், ஆயிரம் மைலுக்கு அப்பால், ஒன்றுமில்லாதது போல் மிதந்துவரும் புழுதிக்கு அதில் இடமே இல்லை.

அண்ணாவின் சினத்திலும் நியாயம் ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 2010இல் ஐரோப்பிய வானம் ஆறு நாள் வரை முடங்கிற்று. ஏறத்தாழ ஓர் இலட்சம் விமானப் பயணங்கள் நின்றன. ஒரு கோடிப் பேர் வழியில் தவித்தார்கள். எவ்வளவு சாம்பல் இருந்தாற் பறக்கலாம் என்று கேட்டதற்கு, அன்று எவரிடமும் ஓர் அளவு இருக்கவில்லை. சாம்பல் இருந்தால் பறவாதே என்பதே அதுவரை வழங்கிய விதி. எரிமலைக்கு அருகே பறக்கும் வழியை மாற்றிக்கொள்ள அவ்விதி போதும். ஒரு கண்டம் முழுவதும் மெல்லிய புழுதி பரவிக் கிடக்கும்போது அது போதாது. விமான நிறுவனங்கள் தாமாகவே சோதனைப் பறப்புகள் நடத்தி, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று முறையிட்டன. இயந்திரங்களை ஆக்குவோரும் அதிகாரிகளும் கூடிப் பேசி, ஒரு கன மீற்றர் வளியில் இரண்டு மில்லிகிராம் என்ற வரம்பை அவசரமாக வகுத்த பின்னரே, ஏப்ரல் 20ஆம் திகதி இரவு பிரித்தானிய வானம் திறந்தது. ஆகவே, வேண்டாத பயத்தால் மூடினார்கள் என்று பலர் எழுதினார்கள். நானும் அந்நாளில் அவ்வாறே நினைத்தேன்.

மறு ஆண்டு கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தாரும் ஐஸ்லாந்து அறிஞர்களும் அந்தச் சாம்பலை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு என் எண்ணத்தை மாற்றிற்று. அந்தத் துணிக்கைகளை நீரில் இட்டு இரு வாரம் குலுக்கிப் பார்த்தார்களாம். கூர் மழுங்கவில்லை. விமானங்களை நிறுத்தியது தகும் என்றே அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். எரிமலைச் சாம்பலால் பயணிகள் விமானம் எதுவும் விழுந்து உயிரிழப்பு நேர்ந்ததாக இதுவரை வரலாறு இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்பதற்குச் சிலர் இதனையே சான்றாகக் காட்டுகிறார்கள். கலுங்குங்கிலும் ரிடவுட்டிலும் எத்தனை அடி மிச்சம் இருந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள், நம் இலங்கையில் எரிமலை ஏது என்று வாசகர் கேட்கலாம். இல்லைதான். ஆனால் எரிமலைப் புழுதி இத்தீவின் வானத்துக்குப் புதியதன்று. 1883 ஆகஸ்ட் 27ஆம் திகதி சுந்தா நீரிணையிலுள்ள கிரக்கத்தோவா வெடித்தது. அவ்வோசை இலங்கையிலும் கேட்டது. அதனால் எழுந்த கடல் நம் தென்கரையையும் கீழ்க்கரையையும் தொட்டது. பாணமைப் பக்கத்தில் ஒரு பெண் உயிரிழந்தாள். அதோடு முடியவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதியளவில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சை நிறமாக உதித்தது. மேலெழ எழ நீலமாயிற்று. நண்பகலிலும் ஒளி மங்கி நிலவொளி போலிருந்தது. மாலையில் மீண்டும் பச்சையாகி மறைந்தது. சில நாட்கள் இப்படி நடந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நிறமாலைகாட்டியை அந்தச் சூரியனுக்கு நேரே பிடித்துக் குறிப்பெடுத்தார்.

அப்புழுதி சுந்தாவிலிருந்து நேரே நம்மிடம் வந்ததன்று என்பதே வியப்பு. அது உயர்வானில் மேற்கு நோக்கி ஓடி, இந்து சமுத்திரத்தையும் ஆபிரிக்காவையும் அத்திலாந்திக்கையும் கடந்து, செப்டெம்பர் 5இல் ஹொனலூலுவைத் தொட்டு, பூமியை ஒரு வலம் வந்தபின்னர் விரிந்து நம் வானத்தை மூடிற்று. அந்த உயரம் இன்றைய விமானங்கள் செல்லும் உயரத்தினும் இரண்டு மூன்று மடங்கு. ஆகையால் பச்சைச் சூரியனை உண்டாக்கிய அதே படலம் இன்று வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் என்று நான் சொல்லவில்லை. தாழ்ந்த உயரத்துக்கு வேறு சான்று இருக்கிறது. 1991 ஜூனிற் பிலிப்பைன்ஸின் பினாத்துபோ எறிந்த சாம்பல், இந்து சமுத்திரத்தைத் தாண்டி எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஆபிரிக்காவின் கீழ்க்கரை வரை சென்றது. அச்சில நாட்களில் குறைந்தது பதினாறு விமானங்கள் அதில் மோதிப் பழுதுபட்டன. பெரும்பாலானவை எரிமலையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியே மோதின. அந்த அனுபவத்தின் பின்னர் உலக வானத்தை ஒன்பது கண்காணிப்பு நிலையங்கள் பங்கிட்டுக்கொண்டன. இந்தோனேசியாவின் எரிமலைகளை டார்வின் நகரத்து நிலையம் செய்மதி வழியாகப் பார்த்திருக்கிறது. கொழும்பின் பொறுப்பிலுள்ள வானப் பரப்போ கிழக்கே சுமாத்திராவின் திசையில் கடல்மேல் நெடுந்தூரம் விரிந்து கிடக்கிறது.

மிக அண்மைய சான்று 2025 நவம்பரில் வந்தது. அம்மாதம் 23ஆம் திகதி எத்தியோப்பியாவின் அஃபார் பிரதேசத்தில் ஹைலி குப்பி என்ற எரிமலை வெடித்தது. மனிதர் நினைவில் அது வெடித்ததாக ஒரு பதிவும் இல்லை. பதினான்கு கிலோமீற்றர் வரை எழுந்த புழுதி செங்கடலைத் தாண்டி, யேமன், ஓமான் வழியே அரபிக் கடலைக் கடந்து, மறுநாள் இரவே இராஜஸ்தானையும் டில்லியையும் எட்டிற்று. இந்திய அதிகாரிகள் உடனே எச்சரித்தார்கள். கண்ணூரிலிருந்து அபுதாபி சென்ற விமானம் அகமதாபாத்தில் இறக்கப்பட்டது. புழுதிப் பாதைக்கு மேலாகப் பறந்த விமானங்களைச் சோதிப்பதற்காக ஏயார் இந்தியா பதினொரு பயணங்களை நிறுத்திற்று. ஒருவருக்கும் தீங்கில்லை. மூன்று நாள் கழித்து டித்வா புயல் நம்மீது இறங்கி, களனி கங்கை பெருகி, கரையிலிருந்தவர்கள் கூரையேறி நின்ற வேளையில், எத்தியோப்பியச் சாம்பலைப் பற்றி யாருக்கு நினைக்க நேரம்? நம் பத்திரிகைகளில் அச்செய்தி தங்கவில்லை.

அண்ணா அந்தியேட்டிக்கு வந்தார். மே 15ஆம் திகதி, முப்பத்தோராம் நாள், முகத்துவாரத்தில் ஐயர் சொல்லச் சொல்லத் தம் கையாலேயே எல்லாக் கிரியைகளையும் செய்தார். நீரில் நின்றபடி, "இங்கைதானே கரைச்சனி?" என்று ஒருமுறை கேட்டார். ஆம் என்றேன். அன்று மாலை, நான் படித்து வைத்திருந்த கலுங்குங் கதையைச் சொன்னேன். அவர் இடைமறிக்காமற் கேட்டார். அந்த விமானத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார்.

17ஆம் திகதி அவர் திரும்பவேண்டும். அன்று விடியற்காலை ஐஸ்லாந்துப் புழுதி மீண்டும் தெற்கே இறங்கி, இலண்டன் ஹீத்ரோ நிலையத்தைச் சில மணி நேரம் மூடிவிட்டது. கட்டுநாயக்காவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, திரும்பவும் சாம்பலாம். எப்ப கிளம்புமெண்டு தெரியாது."

"கோபமே அண்ணா?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னணியில் அறிவிப்பாளரின் குரலும் குழந்தை ஒன்றின் அழுகையும் கேட்டன.

"இல்லையடா. இருக்கிறன். நீ சாப்பிட்டிட்டியோ?" என்றார்.